நெடுஈட்டியும் துப்பாக்கியும்: மேசைப் போர் விளையாட்டில் ஒரு போர்க்காலம்

ஐரோப்பியப் போர் வரலாற்றில் ஏறத்தாழ 1500 முதல் 1700 வரையிலான இரு நூற்றாண்டுகள் ‘பைக் அண்ட் ஷாட்’ காலம் என்று அழைக்கப்படுகின்றன. பைக் என்பது 16 முதல் 18 அடி வரை நீளமுள்ள நெடுஈட்டி. ஷாட் என்பது துப்பாக்கி வீரர்களைக் குறிக்கும். இவ்விரு படைக்கலங்களும் ஒன்றையொன்று சார்ந்து நின்ற காலம் என்பதால் இப்பெயர் வந்தது. இக்காலப் போர்களைச் சிறிய உருவ பொம்மைகள், பகடை, அளவுகோல் ஆகியவற்றைக் கொண்டு மேசை மீது நடத்தும் விளையாட்டு மேலைநாடுகளில் பல ஆண்டுகளாக உள்ளது. அதற்கென எழுதப்பட்ட விதிநூல்களும் பல. அவற்றுள் பரவலாக அறியப்பட்ட ‘பைக் அண்ட் ஷாட்டி’ என்னும் விதிநூலை முன்வைத்து, அது காட்டும் வரலாற்றையும் காட்டாத வரலாற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

இரண்டு படைக்கலங்கள் ஏன் சேர்ந்தன?

அக்கால மஸ்கட் துப்பாக்கியைச் சுடுவது எளிய வேலை அன்று. வெடிமருந்தைக் குழாயில் கொட்ட வேண்டும். ஈயக் குண்டை இட்டுக் கழியால் இடிக்க வேண்டும். கிண்ணியில் நுண்மருந்து தூவ வேண்டும். கையில் புகைந்துகொண்டிருக்கும் திரியை ஊதிக் கனலவைத்துப் பூட்டில் பொருத்த வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகே சுட முடியும். நன்கு பழகியவர்கூட நிமிடத்திற்கு ஒன்று அல்லது இரண்டு முறைக்கு மேல் சுடுவது அரிது. மழை பெய்தால் திரி அணையும். இரவில் திரியின் கனலே வீரன் நிற்கும் இடத்தைப் பகைவனுக்குக் காட்டிக் கொடுக்கும்.

ஒருமுறை சுட்டுவிட்டு மறுபடியும் மருந்து இடும் வேளையில் எதிரியின் குதிரைப்படை பாய்ந்து வந்தால் துப்பாக்கி வீரனுக்கு வேறு காப்பு இல்லை. அப்போது அவனுக்கு அரணாக நின்றது நெடுஈட்டிக் கூட்டம். பல வரிசைகளில் நீட்டிய ஈட்டி முனைகளின் மீது குதிரைகள் பாய மறுத்தன. ஆனால் ஈட்டி வீரர்கள் மட்டும் தனியே நின்றால் எட்ட இருந்தே அவர்களைச் சுட்டு வீழ்த்திவிடலாம். எனவே துப்பாக்கிக்கு ஈட்டியும் ஈட்டிக்குத் துப்பாக்கியும் துணை. இந்த உறவைச் சரியாகக் காட்டாத விளையாட்டு விதிநூல் எதுவும் இக்காலத்திற்குப் பொருந்தாது.

ஸ்பானியர்கள் இவ்விரண்டையும் சேர்த்து ‘டெர்சியோ’ எனப்படும் பெரும் படைப்பிரிவுகளை அமைத்தனர். நடுவில் ஈட்டிக் கூட்டம், அதைச் சுற்றியும் மூலைகளிலும் துப்பாக்கி வீரர்கள். 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அச்சுறுத்திய அமைப்பு இது.

ஈய வீரர்களும் ஒரு கடிதமும்

ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய டச்சுக்காரர்கள் வேறு வழி தேடினர். ஆரஞ்சு மரபைச் சேர்ந்த மாரிஸ், அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் வில்லியம் லூயிஸ் ஆகிய இருவரும் பண்டைய கிரேக்க, ரோமானியப் போர் நூல்களைப் படித்தனர். 1594 டிசம்பர் 8ஆம் நாள் வில்லியம் லூயிஸ் மாரிஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று போர் வரலாற்றில் புகழ்பெற்றது. முதல் வரிசை வீரர்கள் சுட்டுவிட்டுப் பின்னால் சென்று மருந்து இட, அடுத்த வரிசை முன்வந்து சுட வேண்டும் என்ற முறையை அக்கடிதம் படம் வரைந்து விளக்கியது. இவ்வாறு இடைவிடாமல் சுட முடியும்.

இம்முறைக்குக் கடும் பயிற்சி தேவைப்பட்டது. அதற்காகவே 1607இல் யாக்கோப் டி கெய்ன் என்னும் ஓவியரின் பயிற்சி நூல் வெளிவந்தது. அதில் 117 செப்புத்தகட்டுப் படங்கள் உள்ளன. 42 படங்கள் இலகு துப்பாக்கிக்கும், 43 மஸ்கட்டுக்கும், 32 நெடுஈட்டிக்கும் உரியவை. எழுத்தறியாத வீரனும் பார்த்துக் கற்கும்படி ஒவ்வோர் அசைவும் தனித்தனியே வரையப்பட்டுள்ளது. பாடநூல் எழுதுவோர் இன்றும் அதைப் பார்த்துக் கற்கலாம்.

வில்லியம் லூயிஸ் தம் அணிவகுப்புகளை முதலில் ஈய பொம்மை வீரர்களை மேசையில் அடுக்கிச் சோதித்துப் பார்த்தார் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால் இக்காலப் போர்முறையே ஒரு வகையில் மேசை மீது பிறந்தது எனலாம்.

மேசைப் போரின் வளர்ச்சி

விதிகளோடு கூடிய போர் விளையாட்டு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மன் பகுதிகளில் தோன்றியது. 1780இல் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை விரித்து ஒரு போர் விளையாட்டை அமைத்தார். பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் தந்தையும் மகனும் அதைப் படை அதிகாரிகளுக்கான பயிற்சியாக மாற்றினர். மகன் 1824இல் வெளியிட்ட விதிகள் ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்று பெயர் பெற்றன. போரின் தற்செயல்களுக்குப் பகடையை இடமாக வைத்தது அவருடைய முக்கியமான பங்களிப்பு.

பொழுதுபோக்காக இதை மக்களிடம் கொண்டுசென்றவர் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவருடைய ‘லிட்டில் வார்ஸ்’ 1913இல் வெளிவந்தது. உண்மைப் போரைவிட பொம்மைப் போர் மேலானது என்பது அந்நூலில் அவர் வைத்த வாதம். அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் வெடித்தது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இப்பொழுதுபோக்கு வேகமாக வளர்ந்தது. நெடுஈட்டிக் காலத்திற்கென 1970களில் ஜார்ஜ் குஷ் எழுதிய விதிகளும், 1995இல் வந்த ‘டி பெல்லிஸ் ரினேஷியோனிஸ்’ விதிகளும் பலகாலம் பயன்பட்டன. பிந்தையது 1494 முதல் 1700 வரையிலான படைகளை உள்ளடக்கியது. ‘பைக் அண்ட் ஷாட்டி’ 2012இல் வார்லார்டு கேம்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஸ்டீவ் மார்கன் எழுதியது. ரிக் பிரீஸ்ட்லியும் ஜெர்விஸ் ஜான்சனும் நெப்போலியன் காலம் முதலிய போர்களுக்காக முன்பே எழுதிய ‘பிளாக் பவுடர்’ விதிகளை அடிப்படையாகக் கொண்டது.

விதிநூலின் முதல் தோற்றம்

இந்நூலைப் புதிதாகத் திறப்பவர் முதலில் காண்பது வண்ணப் படங்களைத்தான். நன்றாக வண்ணம் தீட்டிய 28 மில்லிமீட்டர் பொம்மைகள் பக்கம் பக்கமாக அணிவகுத்து நிற்கின்றன. விதிகள் உரையாடல் நடையில், நகைச்சுவையோடு எழுதப்பட்டுள்ளன. தேர்வு வினாத்தாள் போல இறுக்கமான விதிகளை எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றம் தரும். ஐயம் எழுந்தால் இரு ஆட்டக்காரர்களும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பதே நூலின் மனநிலை. நண்பர்களுக்குள் ஆட இது போதும், போட்டிக்குப் போதாது.

விதிகளின் உயிர்நாடி கட்டளை முறை. ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு திறன் எண் உண்டு, பொதுவாக 8. ஆட்டக்காரர் தாம் செய்ய நினைப்பதை முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “இந்தக் குதிரைப்படை அந்தக் குன்றைச் சுற்றி எதிரியின் பக்கவாட்டில் பாயட்டும்” என்பது போல. பிறகு இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். கூட்டுத்தொகை திறன் எண்ணுக்குச் சமமாகவோ ஒன்று குறைவாகவோ இருந்தால் படை ஒரு நகர்வு செல்லும். இரண்டு குறைந்தால் இரு நகர்வு. மூன்றோ அதற்கு மேலோ குறைந்தால் மூன்று நகர்வு. எண்ணை மீறினால் படை அசையாது. அத்தளபதி அச்சுற்றில் வேறு கட்டளையும் இட முடியாது. இரண்டு ஆறுகள் விழுந்தால் கட்டளை தாறுமாறாகிவிடும். தாயம் விழாமல் காய் இறங்காத நம் ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்தத் தவிப்பு புதிதன்று.

இதன் கணக்கு சுவையானது. இரண்டு பகடைகளில் 36 வகை விழுக்காடுகள் உண்டு. திறன் எண் 8 எனில் 26 வகைகளில் கட்டளை நிறைவேறும். அதாவது நூற்றுக்கு 72. அந்த 26இல் 11 வகைகளில் ஒரு நகர்வு, 5 வகைகளில் இரு நகர்வு, 10 வகைகளில் மூன்று நகர்வு. மூன்று நகர்வு கிடைக்கும் வாய்ப்பும் முற்றிலும் தோற்கும் வாய்ப்பும் சரியாக ஒன்றே! அடுத்தடுத்து மூன்று கட்டளைகளும் நிறைவேறும் வாய்ப்பு நூற்றுக்கு 38 மட்டுமே. திறன் எண் ஒன்று குறைந்து 7 ஆனால் ஒரு கட்டளையின் வாய்ப்பே 58 ஆகிவிடும். 9 ஆனால் 83. தளபதிக்கு எந்த எண் கொடுப்பது என்பதில்தான் விதிநூலின் வரலாற்றுப் பார்வை ஒளிந்திருக்கிறது.

இன்னொரு கூறும் கவனிக்கத்தக்கது. ஈட்டிக் கூட்டமும் அதன் இருபுறத் துப்பாக்கி வீரர்களும் இவ்விதிகளில் தனித்தனிப் பிரிவுகள். குதிரைப்படை வரும்போது துப்பாக்கி வீரர்கள் ஈட்டிகளின் நிழலில் ஒதுங்கி ‘முள்ளம்பன்றி’ அமைப்பை எடுக்கலாம். ஆனால் பிரிவுகள் தனித்தனியே நகர்வதால், பகடை கைவிட்டால் துப்பாக்கியர் ஓரிடமும் ஈட்டியர் வேறிடமுமாகச் சிதறி நிற்பதும் நேரும். பழகாத ஆட்டக்காரருக்கு இது எரிச்சலூட்டும். உண்மைப் போர்க்களத்தில் பழகாத படைகளுக்கும் அதுவே நேர்ந்தது என்பதால் இதைக் குறையென்று மட்டும் தள்ளிவிட முடியாது.

அளவு பற்றிய ஒரு முரணும் உண்டு. 28 மில்லிமீட்டர் உருவம் மனித உயரத்தில் ஏறத்தாழ 60இல் ஒரு பங்கு. அதே விகிதத்தில் 100 மீட்டர் துப்பாக்கி வீச்சு மேசையில் 1.6 மீட்டருக்கும் மேலாகும். வழக்கமான மேசையின் அகலமோ 4 அடி, அதாவது சுமார் 1.2 மீட்டர்தான். எனவே உருவத்திற்கு ஓர் அளவு, நிலத்திற்கு வேறோர் அளவு என்று எல்லா விதிநூல்களும் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு பொம்மை பல வீரர்களுக்குப் பதிலாக நிற்கிறது.

பிரைட்டன்ஃபெல்ட், 1631

இவ்விதிகளைச் சோதிக்கத் தகுந்த போர் பிரைட்டன்ஃபெல்ட். முப்பதாண்டுப் போரின் நடுவில், 1631 செப்டம்பர் 17ஆம் நாள், ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு அருகில் நடந்தது. ஒருபுறம் சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃபின் சுமார் 23,000 பேரும், அவருடைய கூட்டாளியான சாக்சனியின் 16,000க்கு மேற்பட்டோரும். மறுபுறம் பேரரசர் தரப்பில் ஏறத்தாழ 35,000 பேர். அவர்களுக்குத் தளபதி 72 வயதான டில்லி கோமகன். (நம் தலைநகரோடு இப்பெயருக்குத் தொடர்பில்லை, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர் அது.) ஐந்தாண்டுகளுக்கு முன், 1626இல், லுட்டர் என்னுமிடத்தில் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியனை முறியடித்தவர் இவர். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது அதே கிறிஸ்டியன் மன்னர் காலத்தில்தான்.

நண்பகலில் பீரங்கிச் சண்டை தொடங்கியது. சுவீடியப் பீரங்கிகள் எதிரியைவிட விரைவாகச் சுட்டன. பொறுமை இழந்த பாப்பன்ஹைம் தம் குதிரைப்படையோடு சுவீடியரின் வலப்புறத்தில் பாய்ந்தார். அங்கே குதிரைகளுக்கு இடையிடையே துப்பாக்கி வீரர்களை நிறுத்தி வைத்திருந்தார் குஸ்தாவ். ஏழு முறை பாய்ந்தும் பாப்பன்ஹைமால் அதை உடைக்க முடியவில்லை.

இடப்புறத்தில் நிலை வேறு. புதிதாகத் திரட்டப்பட்ட சாக்சானியர்கள் தாக்குதலைத் தாங்காமல் களத்தை விட்டே ஓடினர். கூட்டுப் படையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. சுவீடியரின் இடப்பக்கம் திறந்து கிடந்தது. டில்லியின் படைகள் அந்த இடைவெளியை நோக்கித் திரும்பின. அவை மீண்டும் அணிவகுக்கும் முன்பே சுவீடியத் தளபதி ஹோர்ன், ஏறத்தாழ 4,000 பேர் கொண்ட தம் பகுதியை அப்படியே திருப்பிப் புதிய முகப்பை அமைத்துவிட்டார். பிறகு குஸ்தாவின் குதிரைப்படை எதிரியின் பீரங்கிகளைக் கைப்பற்றி அவற்றையே எதிரியின் மீது திருப்பியது. மாலைக்குள் டில்லியின் படை சிதைந்தது. அவர் தரப்பில் களத்தில் மாண்டவர் 7,000க்கும் மேல். பிடிபட்டவர் மேலும் பல்லாயிரம்.

மேசையில் இப்போரை நடத்தும்போது ஹோர்ன் திரும்பும் கணம்தான் ஆட்டத்தின் உச்சம். திறன் எண் 9 கொடுத்தால் ஆறில் ஐந்து முறை அவர் திரும்புவார். 7 கொடுத்தால் பாதிக்குச் சற்றே மேல். நடந்தது நடக்கவே வேண்டியதா, அல்லது நடக்காமலும் போயிருக்கக்கூடியதா என்ற வரலாற்று வினாவை இந்த ஒரு பகடை உருட்டல் நம் முன் வைக்கிறது. பாடநூலில் அம்புக்குறியாக வளைந்து செல்லும் ஹோர்னின் படை, மேசையில் அசையாமல் நின்றுவிடும்போதுதான் அன்று அவர் செய்ததன் அருமை தெரிகிறது.

எண்களுக்குள் ஒளிந்த வாதம்

சுவீடியரின் வெற்றிக்கு மெலிந்த வரிசை, விரைவான சூடு, பயிற்சி ஆகியவையே காரணம் என்று நெடுநாள் கற்பிக்கப்பட்டது. மைக்கேல் ராபர்ட்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1955இல் பெல்ஃபாஸ்டில் ஆற்றிய உரையில், 1560 முதல் 1660 வரை ஒரு ‘போர்ப் புரட்சி’ நடந்தது என்றார். மாரிஸும் குஸ்தாவும் அதன் நாயகர்கள். ஜெஃப்ரி பார்க்கர் 1988இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தை விரித்தும் திருத்தியும் எழுதினார். கோட்டை அமைப்பும் படைப் பெருக்கமும் அவருக்கு முக்கியமாயின.

பல விதிநூல்கள் ராபர்ட்ஸின் கருத்தை அப்படியே எண்களாக மாற்றிவிட்டன. சுவீடியருக்குக் கூடுதல் சூட்டு எண், டெர்சியோவுக்கு நகர்வில் குறை. இப்படி எழுதினால் பிரைட்டன்ஃபெல்ட் மேசையில் அழகாக வரும். ஆனால் மூன்றே ஆண்டுகளுக்குப் பின், 1634 செப்டம்பரில் நோர்ட்லிங்கன் என்னும் இடத்தில் அதே சுவீடியப் படை படுதோல்வி அடைந்தது. ஆல்புக் என்ற குன்றின் மேல் நின்ற ஸ்பானிய டெர்சியோக்களை சுவீடியர் காலை முழுதும் மீண்டும் மீண்டும் தாக்கினர். டெர்சியோக்கள் அசையவில்லை. பிடிபட்ட சுவீடியத் தளபதி வேறு யாருமல்லர், பிரைட்டன்ஃபெல்டில் புகழ்பெற்ற அதே ஹோர்ன். ‘பழமையானது’ என்று எண்ணால் தண்டிக்கப்பட்ட டெர்சியோ இப்போரை மேசையில் வெல்வது கடினம்.

இந்த இடத்தில் ‘பைக் அண்ட் ஷாட்டி’ தப்பித்துக்கொள்கிறது என்றே சொல்ல வேண்டும். எண்களைப் போருக்குப் போர் மாற்றிக்கொள்ளலாம் என்று அது ஆட்டக்காரரிடமே விட்டுவிடுகிறது. சோம்பல் என்று சிலர் கருதலாம். ஆயினும் ஒரு நாட்டுப் படைக்கு நிலையான உயர்வு தாழ்வு கற்பிப்பதைவிட, அனுபவம், களைப்பு, நிலம் ஆகியவற்றை அந்தந்த நாளுக்கு எடைபோடுவதே வரலாற்றுக்கு நெருக்கமானது.

வேறு சில இடங்களில் விதிகள் வரலாற்றை மிக நன்றாகப் பிடிக்கின்றன. ஆங்கில உள்நாட்டுப் போரின் முதல் பெரும்போரான எட்ஜ்ஹில்லில் (1642 அக்டோபர் 23) இளவரசர் ரூபர்ட்டின் குதிரைப்படை எதிரியைத் துரத்திக்கொண்டு போய்க் கைன்டன் ஊரில் மூட்டை முடிச்சுகளைக் கொள்ளையடித்தது. களத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. 1645 ஜூன் 14இல் நேஸ்பியில் ரூபர்ட் மறுபடியும் அப்படியே போக, கிராம்வெல் தம் வீரர்களைக் கட்டுப்படுத்திக் களத்திலேயே திருப்பினார், வென்றார். வென்ற குதிரைப்படை ஆட்டக்காரரின் கையை விட்டு ஓடிவிடும் விதியை இக்காலத்து விதிநூல்கள் பலவும் வைத்திருப்பது இதனால்தான்.

மேசைக்கு வராதவை

பிரைட்டன்ஃபெல்டுக்கு நான்கு மாதங்களுக்கு முன், 1631 மே 20ஆம் நாள், இதே டில்லியின் படை மாக்டபர்க் நகரைப் பிடித்தது. நகரம் எரிந்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர்; பெரும்பாலோர் குடிமக்கள். எந்த மேசை விளையாட்டும் அந்நாளை ஆடுவதில்லை, ஆடவும் கூடாது. ஆனால் சாக்சனி சுவீடனோடு சேர்ந்ததற்கும் பிரைட்டன்ஃபெல்டில் அத்தனை பேர் எதிரெதிரே நின்றதற்கும் பின்னணியில் மாக்டபர்க் இருக்கிறது. மேசையில் படைகள் ஏற்கெனவே அணிவகுத்த நிலையில் ஆட்டம் தொடங்குவதால், அவை எங்கிருந்து, எதைத் தின்று, யாரைக் கொள்ளையிட்டு அங்கே வந்தன என்பது தெரிவதே இல்லை. அக்காலப் படைகளில் போரில் இறந்தவரைவிட நோயில் இறந்தவரே மிகுதி.

மாக்டபர்க் தாக்குதலில் பீட்டர் ஹாகன்டார்ஃப் என்ற சாதாரண வீரர் இரண்டு குண்டுகள் பட்டுக் கூடாரத்துக்குத் தூக்கி வரப்பட்டார். அவருடைய மனைவி எரியும் நகருக்குள் சென்று படுக்கையும் மதுவும் எடுத்து வந்தார். இவற்றையெல்லாம் ஹாகன்டார்ஃபே ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அந்நாட்குறிப்பு 1988இல் பெர்லின் நூலகத்தில் அடையாளம் காணப்பட்டு 1993இல் அச்சேறியது. போரின் ஆண்டுகளில் அவர் நடந்த தூரம் 20,000 கிலோமீட்டருக்கும் மேல். முதல் மனைவியையும் அவருக்குப் பிறந்த குழந்தைகள் எல்லோரையும் அவர் வழியிலேயே இழந்தார்.

விளையாட்டு மேசையில் சுவீடியர் ஒரு வண்ணம், பேரரசர் படை ஒரு வண்ணம். ஹாகன்டார்ஃபோ 1633இல் சுவீடியரிடம் பிடிபட்டு அவர்கள் படையிலேயே சேர்க்கப்பட்டார். நோர்ட்லிங்கனில் சுவீடியர் பக்கம் இருந்தார். தோல்விக்குப் பின் தம் பழைய படைப்பிரிவுக்கே திரும்பினார். அவரைப் போல இருபுறமும் பணிசெய்தோர் ஆயிரக்கணக்கானோர். ஒரு பொம்மைக்கு எந்த வண்ணம் தீட்டுவது என்ற கேள்விக்கு அவரைப் பொறுத்தவரை விடை இல்லை.

போர் முடிந்து 1649இல் அவருடைய படைப்பிரிவு கலைக்கப்பட்டது. இரண்டாம் மனைவிக்குப் பிறந்த மகனை அவர் முன்பே ஆல்ட்ஹைம் என்னும் ஊரில் ஒரு பள்ளி ஆசிரியரிடம் படிக்க விட்டிருந்தார். படை கலைந்ததும் அங்கே சென்று மகனை அழைத்துக்கொண்டார்.